கராத்தே எங்கடை இல்லை, ஒகினாவாக்காரற்ற

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட சிறுவர் பக்கத்தில காஞ்சிபுரத்துப் போதிதர்மர் தான் கராத்தேயைக் கண்டுபிடிச்சவர் எண்டு வந்ததை என்ர மகள் வெட்டிக் கொப்பியில ஒட்டிப்போட்டாள், அவள் இங்க விசுவமடுவில பொதுநோக்கு மண்டபத்தில பின்னேரத்தில கராத்தே பழகிறவள், அதால வீட்டில ஒரே பெருமை. எனக்கும் சின்னனில இதே கதையைத் தான் சொல்லித்தந்தவை, பிறகு தேடிப் படிக்கேக்க தான் பிழை எண்டு விளங்கினது.

போதிதர்மர் தென்னிந்தியாவில இருந்து சீனாவுக்குப் போனவர் எண்டு பழைய மரபு இருக்கு, இருக்கட்டும். ஆனா அங்கத்தை ஷாவோலின் புத்த மடத்தில அவர் அடிமுறை பழக்கினவர் எண்ட கதைக்கு மூலம் 1624ல வந்த ஒரு புத்தகம், அவற்ற காலத்துக்கு ஆயிரம் வருசத்துக்கும் பிந்தினது.

கராத்தே பிறந்தது ஒகினாவாவில. இப்ப அது ஜப்பான், அப்ப ரியூக்யூ எண்டு தனி ராச்சியம், 1609ல தெற்கு ஜப்பானின்ர சத்சுமாக்காரர் வந்து அடக்கி, 1879ல ராசாவையும் இறக்கி ஜப்பானோட சேர்த்துப்போட்டினம். அங்க இருந்த "தே" எண்ட கைவரிசையும் வியாபாரத்தோட வந்த சீனாவின்ர ஃபூஜியன் அடிமுறையும் கலந்தது தான் இது. ஆயுதம் பறிபட்ட வயல்காரச் சனம் உருவாக்கினது எண்டும் சொல்லுவினம், நாங்கள் கேட்ட உடன நம்பக்கூடிய கதை தான், ஆனா பேர் தெரிஞ்ச பழைய ஆசான்மார் கனபேர் ரியூக்யூ ராசாவின்ர ஷுரி அரண்மனையோட சேர்ந்த குடும்பத்து ஆக்கள்.

கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் இடோசு எண்ட ஒகினாவா ஆசான். பிள்ளையளுக்கெண்டு பினான் எண்டு அஞ்சு கட்டா (தனிய நிண்டு வரிசையாச் செய்யிற அசைவுகள்) அமைச்சவர், என்ர மகள் வளவுக்க கோழியளைக் கலைச்சுக்கலைச்சுச் செய்யிற ஹெயான் அது தான், பேரை மாத்தினவர் ஃபுனாகோஷி எண்ட இன்னொரு ஒகினாவா ஆசான். இந்த ஃபுனாகோஷி ஒரு வாத்தியார், 1922ல டோக்கியோவில செய்து காட்டப் போய், ஐம்பது தாண்டின வயசில, ஒகினாவாப் பெடியள் தங்கின விடுதியில கூட்டித் துடைச்சுக்கொண்டு படிப்பிச்சவர். ஜூடோவை உருவாக்கின கானோ அவருக்குக் கைகுடுத்தார், வெள்ளை உடுப்பும் பெல்ட்டும் ஜூடோவில இருந்து வந்தது தான் (கிரேடிங்குக்குக் காசு கட்டேக்க எனக்கு இது ஞாபகம் வரும்).

பேரின்ர கதை தான் எனக்கு மனசில நிண்டது. முதல் அது "சீனக் கை", ஜப்பானில சீனப்பேர் எடுபடாத காலம் வந்த உடன சத்தத்தை அப்பிடியே வச்சு எழுத்தை மட்டும் மாத்தி "வெறுங்கை" ஆக்கிச்சினம், 1936ல ஒகினாவாவின்ர நாஹா பட்டினத்தில ஆசான்மார் கூடி அதுக்குத் தலையாட்டினவை. சின்ன இனம் தன்ர சாமானைப் பெரிய இடத்தில கொண்டுபோய் வைக்க என்னத்தை எல்லாம் விடவேண்டி வருது பாருங்கோ.

1945ல ஒகினாவாவில அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் சண்டை, சனம் எக்கச்சக்கமாச் செத்தது. கோஜு-ரியூ எண்ட கராத்தேப் பிரிவை உருவாக்கின மியாகி தன்ர முக்கியமான மாணவனையே அதில பறிகுடுத்திட்டு, முடிஞ்ச பிறகு வீட்டு வளவில திரும்பப் பழக்கத் தொடங்கினவர். இதைச் சிறுவர் பக்கத்தில போடுங்கோ ஐயா, வன்னிப் பிள்ளையளுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில கட்டாவில தங்கம் எடுத்த கியூனாவும் ஒகினாவாப் பெடியன் தான்.

எங்கடது தான் வேணுமெண்டா சிலம்படி இருக்கு, எங்கட பக்கத்தில அதைப் பழக்க ஒரு ஆளைத் தேடித் திரியிறம், அதைப் பற்றி எழுதினாலும் புண்ணியம்.

இந்தக் கடிதத்தைச் சுருக்கியெண்டாலும் போடுங்கோ, மகள் கொப்பியில பக்கத்துத் தாளை வெறுமையா விட்டு வச்சிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
விசுவமடு.