லேசர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எம்.டி. என்ற மருத்துவ மேற்படிப்புக்கான கலந்தாய்வு நெருங்கினால் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி எழும்: ஆண்டுக்கு இரண்டே இடம் உள்ள சிறிய தோல் மருத்துவத் துறையில் பிள்ளையைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் பெரும்பாலோர், அழகு சிகிச்சைக்குப் பயன்படும் கருவியை நினைத்து, "அங்கே லேசர் இருக்கிறதா?" என்றுதான் விசாரிக்கிறார்கள். இந்த 3 ஆண்டுப் படிப்பின் பெயரிலேயே தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் இருக்கின்றன. தாராவியிலிருந்து வரும் நோயாளிக்கு இவற்றில் தேர்ந்த மருத்துவர்தான் வேண்டும்.

தொழுநோயையே எடுத்துக்கொள்வோம். தேசிய அளவில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை 2005 இறுதியில் எட்டினோம். நோயாளிகள் இன்னமும் வருகிறார்கள். தோலைக் கீறிச் சுரண்டியதைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் கிருமியைத் தேடும் ஸ்மியர் எடுக்கும் பழக்கம்தான் பல இடங்களில் தளர்ந்துவிட்டது. காது மடலையோ தடிப்பையோ இரு விரலால் வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்து, 5 மி.மீ. நீளம், 2 மி.மீ. ஆழம் கீறி, பிளேடைக் குறுக்காகத் திருப்பிச் சுரண்ட வேண்டும். பிடி தளர்ந்தால் இரத்தம் கலந்து கண்ணாடி வீணாகும். சாயம் ஏற்றுவதில் இன்னொரு பிழை நடக்கும். காசநோய்ச் சளிக்கு வைத்திருக்கும் 20, 25 சதவீத அமிலத்தையே இதற்கும் ஊற்றிவிடுவார்கள். தொழுநோய்க் கிருமிக்கு 5 சதவீதமே போதும். அமிலம் கடுமையானால் கிருமியிலிருந்தும் சாயம் போய், கிருமி இல்லை என்று முடிவு வந்துவிடும். சிறிய துறையில் மாணவரே கீறி, மாணவரே சாயம் ஏற்றி, அன்றே ஆசிரியருடன் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதால் இந்தப் பிழை உடனே பிடிபடும்.

படர்தாமரையும் இப்போது எளிதல்ல. கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கிரீமைத் தடவியதால் வட்டத்தின் விளிம்பே மறைந்து வருகிறது. பார்த்ததும் முடிவு கட்டாமல், செதிலைச் சுரண்டி 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 15, 20 நிமிடம் ஊறவைத்துப் பார்க்கப் பழக்க வேண்டும்.

தோல் பதனிடுபவர், சிமென்ட் கலப்பவர் ஆகியோரின் கை வெடிப்புக்குக் குரோமியம் ஒவ்வாமை காரணமாகலாம். அதை உறுதிசெய்வது, ஒவ்வாமைப் பொருளைப் பட்டையில் வைத்துத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட். முதுகில் ஒட்டி 48 மணி நேரத்தில் எடுத்து, 96 மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். முதல் நாளைய கூலி போனதே போதும் என்று நோயாளி கடைசியாகப் பார்க்கும் நாளுக்கு வராமல் போனால், தாமதமாகத் தெரியும் ஒவ்வாமை தவறிவிடும். திங்களன்று ஒட்டி, புதனன்று எடுத்து, வெள்ளியன்று பார்ப்பது என்று துறையே நாளைக் கட்டிவைத்தால் வருபவர் அதிகம். வியர்வை கொட்டும் மாதங்களில் பட்டை கழன்றுவிடும் என்பதையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

சிறிய துறைக்குக் குறைகளும் உண்டு. கொப்புள நோய்கள் அங்கே அரிதாகவே வரும். அப்படி ஒருவர் வரும்போது, சோதனைக்கு வெட்டியெடுத்த தோல் துண்டு (பயாப்ஸி) இரண்டையும் பழக்கதோஷத்தில், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டால், தோலில் படிந்த எதிர்ப்புப் புரதங்களை ஒளிரச் செய்து காட்டும் நேரடி இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனை அதோடு முடிந்தது. கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலிலிருந்து இந்தச் சோதனைக்கென எடுக்கும் துண்டு, அந்தப் புரதங்களைக் காக்கும் மிஷெல் திரவத்தில் போக வேண்டும். 2021 முதல் சேர்ந்தவர்களுக்கு மாவட்ட மருத்துவமனை போன்ற இடங்களில் 3 மாத மாவட்டப் பணி கட்டாயம். இருவரில் ஒருவர் அதற்குப் போய்விட்டால், புறநோயாளிக் கூட்டம் முழுவதும் மற்றவர் தலையில் விழும். முதலில் கைவிடப்படுவது ஆய்வக வேலைதான். பெரிய மருத்துவமனை ஒன்றுடன் மாணவரை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் இரண்டு குறையும் பெருமளவு தீரும்.

ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது இரண்டாம் ஆண்டு மாணவரைத் தேடிப் பேசுங்கள். தான் எடுத்த பயாப்ஸியை திசுவை ஆராயும் பேத்தாலஜிஸ்டுடன் உட்கார்ந்து பார்க்கிறாரா, அறிக்கையை மட்டும் படிக்கிறாரா என்று கேளுங்கள். சக மாணவர் மாவட்டப் பணிக்குப் போன மாதங்களில் பேட்ச் டெஸ்ட் நடந்ததா என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
தோல் மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர்,
மாட்டுங்கா, மும்பை