டை அடிக்கவா வேணாமா

மச்சான்,

முட்டி வலி எப்படிடா இருக்கு? போன்ல கேட்டா "பரவால்லடா, வெக்கறேன்"னு வெச்சிடுற, அதான் எழுதறேன்.

போன ஞாயித்துக்கிழம முடி வெட்டிக்க போனேன், கடைக்காரர் "சார் டை அடிச்சிடலாமா"ன்னாரு. வேணாம்னுட்டேன், ஆனா சேர்ல உக்காந்துட்டே தமிழய்யா நடத்துன அந்த பிசிராந்தையார் பாட்டு ஞாபகம் வந்துது, புறநானூறு 191. இத்தன வயசாகியும் ஏன்யா நரைக்கலன்னு கேக்கறாங்க, மனுஷன் எண்ணெய் மூலிகைன்னு ஒண்ணும் சொல்லல. பொண்டாட்டி குணசாலி, புள்ளைங்க அறிவாளி, வேலைக்காரங்க நான் நெனைக்கறதயே நெனைக்கறாங்க, ராஜா அநியாயம் பண்றதில்ல, அதுக்கும் மேல எங்க ஊர்ல சான்றோர் நெறைய பேர்னு முடிச்சிட்டாரு. கவனிச்சியா, அவரா சாதிச்சதுன்னு அதுல ஒண்ணுகூட இல்ல! நமக்கு இப்ப மொபைல்ல வர்றதெல்லாம் நாலு மணிக்கு எந்திரி, பச்சத்தண்ணில குளி, எல்லாமே நீ நீ நீ.

எனக்கு நானே மார்க் போட்டேன். பொண்டாட்டிக்கு ஃபுல் மார்க் (பக்கத்துல நின்னு படிக்கறா). ராஜா சமாச்சாரம் வேணாம், விடு. ஊர்தான் யோசிக்க வெச்சுது. 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி சைதாப்பேட்டைல எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, கரண்ட் இல்ல, போன் இல்ல, மாடி வீட்டுக்காரர்கிட்ட மூணு வருஷமா மோட்டார் போடற சண்டை, பேச்சுவார்த்தையே கிடையாது, அந்தாளு ராத்திரி இறங்கி வந்து ஒரு வார்த்த பேசாம எங்கம்மாவ முதுகுல தூக்கிட்டு மேல போயிட்டாரு. நாலு நாள் ஒரே அடுப்பு, ஒரே ரசம். தண்ணி வடிஞ்ச மறுவாரமே திரும்ப மோட்டார் சண்டை, அது வேற கதை. சான்றோர்னா வெள்ள வேட்டி, நெத்தில பட்டைன்னு நெனச்சிட்டு இருந்தேன்டா, கைலியும் கிழிஞ்ச பனியனுமா வந்து நிக்கறாரு.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தப்போ, அதான் வடக்க பாத்து உக்காந்து பட்டினி கெடந்து உயிர விடறது, அதுவரைக்கும் நேர்ல பாக்காத பிசிராந்தையாருக்கு ஒரு எடம் போட்டு வெக்கச் சொன்னானாம், எங்க வரப்போறாருன்னு எல்லாரும் சொல்ல, அவரு பாண்டிய நாட்டுலேந்து கரெக்டா வந்து நின்னாரு. நீயும் பாண்டிய நாடுதான். நாப்பது வருஷ பழக்கம், வந்து ஆறு வருஷமாச்சு. எனக்கு வடக்கிருக்கற ஐடியால்லாம் இல்ல, காலைல மதுரைல வைகைய புடிச்சா மத்தியானம் எழும்பூர், நான் வந்து கூட்டிட்டு வரேன்.

மாடி வீட்டுக்காரரயும் பாக்கலாம். மோட்டார் பேச்ச மட்டும் எடுக்காத.

உன்
சைதாப்பேட்டைக்காரன்