இரண்டு ஆரங்கள் வரைந்தாலே போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

முக்கோணங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செங்கோண முக்கோணத்துக்கும் பிதாகரஸுக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த கட்டுரையாளர், இருசமபக்க முக்கோணத்தை ஒரே வரியில் அனுப்பிவைத்துவிட்டார். பாடநூல்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். வகைகளைச் சொல்லும்போது ஒரு பெயர், அடிக்கோணங்கள் சமம் என்று ஒரு தேற்றம், அத்துடன் சரி. வடிவியலில் இவ்வளவு வேலை செய்யும் ஓர் உருவத்தை இப்படி ஓரங்கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

வட்டத்தையே எடுத்துக்கொள்வோம். விட்டமாக அமையாத எந்த இரண்டு ஆரங்களின் முனைகளைச் சேர்த்தாலும் இருசமபக்க முக்கோணம் தானாக வந்துவிடுகிறது. விட்டத்தின் முனைகள் அ, ஆ, மையம் ம, பரிதியில் ஏதேனும் ஒரு புள்ளி ப. மையத்திலிருந்து ப-வுக்கு ஒரு கோடு இழுங்கள். பெரிய முக்கோணம் இரண்டு இருசமபக்க முக்கோணங்களாகப் பிரியும். ப-வில் உள்ள கோணத்தின் ஒரு பகுதி அ-வில் உள்ள கோணத்துக்குச் சமம், மறுபகுதி ஆ-வில் உள்ளதற்குச் சமம். ஆக, மற்ற இரு கோணங்களின் கூடுதல் எவ்வளவோ அவ்வளவுதான் ப-வில் உள்ள கோணம். மொத்தம் 180 பாகை என்பதால் அது 90. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று பண்டைக் கிரேக்க அறிஞர் தேல்ஸின் பெயரால் வழங்கும் தேற்றம் இவ்வளவுதான். ஒரே வில்லின் மேல் நிற்கும் மையக்கோணம் பரிதிக்கோணத்தைப்போல் இருமடங்கு என்பதும் இதே ஆரக் கோட்டின் வேலை. கட்டுரையாளர் கொண்டாடிய செங்கோணமே இங்கே இருசமபக்க முக்கோணத்தின் தயவில்தான் பிறக்கிறது!

அடிக்கோணங்கள் சமம் என்பதற்கான நிரூபணத்திலும் ஒரு சுவை உண்டு. யூக்ளிட் தம் ‘எலிமென்ட்ஸ்’ தொகுப்பின் முதல் நூலில், 5ஆம் கூற்றில் பக்கங்களைக் கீழே நீட்டி, இரண்டு சோடி சர்வசம (வடிவிலும் அளவிலும் ஒன்றேயான) முக்கோணங்களை அமைத்து, சுற்றி வளைத்துத்தான் அங்கே போய்ச் சேர்கிறார். பள்ளிகளில் உச்சிக்கோணத்தை இருசமமாக வெட்டிக் காட்டுகிறோம். பண்டைக் கணிதரான அலெக்சாண்டிரியாவின் பாப்பஸ் கோடு எதையும் வரையவில்லை. முக்கோணத்தை இடவலம் மாற்றிப் பார்த்தார். மாற்றிய முக்கோணமும் பழைய முக்கோணமும் சர்வசமம், எனவே அடிக்கோணங்கள் சமம். ஒரு முக்கோணத்தை அதனுடனேயே ஒப்பிடுவதா, இது ஏமாற்று வேலை என்று மாணவர்கள் முதலில் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அந்தச் சண்டை நல்லது.

மையக்குத்துக்கோடு (ஒரு கோட்டுத்துண்டை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு) வரைவது, கோணத்தை இருசமமாக வெட்டுவது ஆகியவற்றில் கவராயம் செய்வதெல்லாம் இருசமபக்க முக்கோணங்களை உண்டாக்குவதுதான். ஒழுங்கு ஐங்கோணத்துக்கோ 36, 72, 72 பாகை முக்கோணம் வேண்டும். அதன் அடிக்கோணம் ஒன்றை இருசமமாக வெட்டினால் அதே வடிவத்தில் சிறியது ஒன்று உள்ளே பிரியும். பொன் விகிதம் (சுமார் 1.618) அங்கே ஒளிந்திருக்கிறது.

தாளுக்கு வெளியேயும் பயன் உண்டு. கரையோரமாக நேர்கோட்டில் போகும் கப்பலிலிருந்து, முன்னே ஒரு பக்கமாகத் தெரியும் கலங்கரை விளக்கம் கப்பலின் திசையோடு 30 பாகை காட்டுகிறது. அது 60 பாகை ஆகும்வரை ஓடிய தூரத்தை மாலுமி குறித்துக்கொள்கிறார். வெளிக்கோணம் 60, உள்ளெதிர்க் கோணங்களில் ஒன்று 30, எனவே மற்றதும் 30. முக்கோணம் இருசமபக்கம். நீரோட்டம் கப்பலை இழுத்துவிடாதவரை, ஓடிய தூரமே அப்போது விளக்கம் இருக்கும் தொலைவு. கோணம் இரட்டிப்பானால் போதும், பெருக்கல்கூடத் தேவையில்லை.

ஒரு வேண்டுகோள். ‘எல்லா முக்கோணங்களும் இருசமபக்கமே’ என்று நிரூபிக்கும் பழைய போலி நிரூபணம் ஒன்று உண்டு. உச்சிக்கோணத்தின் இருசமவெட்டியும் அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடும் சந்திக்கும் புள்ளியிலிருந்து மற்ற இரு பக்கங்களுக்கும் செங்குத்துகள் இறக்கி, சர்வசமம் காட்டிக்கொண்டே போவார்கள். அதைப் புதிராக வெளியிடுங்கள். துப்பாக இதை மட்டும் சொல்லலாம்: பக்கங்கள் சமமில்லாத முக்கோணம் ஒன்றைக் கையால் கிறுக்காமல் கவராயமும் அளவுகோலும் வைத்து வரையுங்கள், அந்தச் சந்திப்புப் புள்ளி முக்கோணத்துக்கு வெளியே போய் நிற்கும்.

இப்படிக்கு,
கணித ஆர்வலரான ஒரு வாசகர்