குற்றவுணர்வைச் சுமப்பது யார்?

ஆசிரியருக்கு வணக்கம். அடிமைமுறை நாவல்கள் பற்றிய தங்கள் கட்டுரை, அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் ‘பிலவட்’ (1987) நாவலின் நாயகி, தப்பியோடிய அடிமை சேதேயை ‘மகளைக் கொன்ற தாய்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. தப்பியோடிய அடிமைகளை, அடிமைமுறை இல்லாத ‘சுதந்திர’ மாநிலத்திலும் பிடித்துச் செல்ல 1850ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. 1856இல் சின்சினாட்டியில் பிடிபட்ட மார்கரெட் கார்னர், பிள்ளை மறுபடி அடிமையாகக் கூடாதென்று மகளைக் கொன்றார். நாவலின் வேர் அது.

மகளின் கல்லறையில் ஒரு சொல் பொறிக்கக் கூலிக்குப் பணமில்லாமல், கல்தச்சனுக்குத் தன் உடலைத் தருகிறாள் சேதே. அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நெடுநேரமாயிற்று. பழியெல்லாம் அவள் தலையில். பிடிக்க வந்த பண்ணைக்காரனோ நஷ்டக் கணக்குப் போட்டுத் திரும்புகிறான். அவனைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?

– ஒரு வாசகி, திருநெல்வேலி