அரிசி மூட்டையும் உன் 112-ஆம் பக்கமும்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கதிர்வேலு,

இங்கு அனைவரும் நலம். தங்கைக்கு வரன் அமைந்த செய்தியை ஆறுச்சாமி சொன்னான், மிக்க மகிழ்ச்சி. அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது என்பதில் உன்மீது சிறிது வருத்தமும் உண்டு. ஆனால் வருத்தப்படும் தகுதி எனக்கு இல்லை. உன் 'தோப்பு' திரைக்கதை என் மேசைக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன. 'படித்துவிட்டேன், விரிவாக எழுதுகிறேன்' என்று இரண்டு முறை தொலைபேசியில் சொன்னதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிக்கு இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது.

எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமில்லை. 'தோப்பு' நன்றாக இருக்கிறது. மழைக்காட்சிகள் இம்முறை நான்குதான்; பதினொன்றிலிருந்து நான்குக்கு வந்திருப்பது, வானம் பார்த்த இந்தச் சித்தூர்த் தாலுகாவில் பிறந்தவனுக்கு, பெரிய முன்னேற்றம். உரையாடல்கள் நம் ஊர் வாயில் வருகின்றன. ஆயினும் படித்து முடித்தபோது மனத்தில் ஒன்றும் அசையவில்லை. ஏன் அசையவில்லை என்று சொல்லத் தெரியாமல், 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் எழுதி அனுப்புவது உன்னை ஏமாற்றுவதாகும் என்று தள்ளிப்போட்டேன். வெள்ளிக்கிழமை எல்லைச் சோதனைச்சாவடியான வேலந்தாவளத்தில் அதற்கு விடை கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கோவை உக்கடத்தில் பேருந்து ஏறி, பின்பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். அவர் காலடியில், பழைய சேலையில் சுற்றிய மூட்டை ஒன்று. கேரள எல்லையை நெருங்கும்போது என் செருப்புக்கு அடியில் ஏதோ நறநறவென்றது. குனிந்து பார்த்தேன். அரிசி. எல்லை தாண்டக் கூடாத ரேஷன் அரிசி. மூட்டையின் அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். பேருந்து குலுங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி சரிந்து, முன்னிருக்கைகளை நோக்கி மெல்ல உருண்டு கொண்டிருந்தது. அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வண்டி நின்று, சோதனைக்காரர் ஒருவர் முன்படியில் ஏறினார்.

கதிர், அடுத்த இரண்டு நிமிடங்களை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அவர் ஒவ்வோர் இருக்கையாகப் பைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஓட்டுநரோடு ஏதோ வேடிக்கை பேசினார். ஒரு குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார். அவர் செய்த ஒவ்வொரு சாதாரணக் காரியமும் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அரிசி ஓடுவது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, மூட்டை கிழிந்திருப்பது அந்த அம்மாளுக்கும் தெரியாது. என்னையறியாமல் வலது காலை நீட்டிக் கிழிசலை அடைத்தேன். இடது காலால் தரையில் கிடந்ததை மறைத்தேன். அவர் எங்களைப் பார்த்தார், நகர்ந்தார், பின்படி வழியாக இறங்கிப் போய்விட்டார்.

வண்டி புறப்பட்டதும் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: "காலை எடு தம்பி. அரிசியை மிதிக்கக் கூடாது."

எல்லாம் அந்த அம்மாளுக்குத் தெரிந்தேயிருந்தது! எங்கள் இருவரில் ஒன்றும் தெரியாதவன் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் உன் திரைக்கதைக் கட்டை எடுத்து 112-ஆம் பக்கத்தைத் திருப்பினேன். வளைகுடாவிலிருந்து திரும்பிய மகன் ஆழ்துளைக் கிணறு தோண்டவும், சொட்டுநீர்க் குழாய் போடவும், ஊடுபயிராக ஜாதிக்காய் வைக்கவும் ஒன்றரை மணி நேரம் திட்டம் போடுகிறான். அதன்பின், தோப்பை அப்பா முன்பே விற்றுவிட்டார் என்று பத்திர அலுவலகத்தில் தெரிய வருகிறது. அவன் அதிர்கிறான், நாமும் அதிர வேண்டும் என்பது உன் கணக்கு. நாம் அதிர்வது பத்து விநாடிதான். அதற்கு முன்னால் ஓடிய ஒன்றரை மணி நேரமும் வெறும் விவசாய ஆலோசனையாகப் போய்விட்டதே!

திகில்பட இயக்குநர் ஹிட்ச்காக் இதைத்தான் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்னார். மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளனுக்குத் தெரியாவிட்டால், அது வெடிக்கும்போது பதினைந்து விநாடி அதிர்ச்சி. முன்கூட்டியே காட்டிவிட்டால், மேசையைச் சுற்றி நடக்கும் வெற்றுப் பேச்சே பதினைந்து நிமிடப் பதைப்பாக மாறிவிடும். இதை நாம் கல்லூரி நாட்களிலேயே படித்து, தேநீர்க்கடையில் நம் வாத்தியாருக்கே பாடம் எடுத்தவர்கள். படித்தது எனக்குப் புரிவதற்கு ஒரு கிழவியின் அரிசி மூட்டை கிழிய வேண்டியிருந்தது.

நேற்று இரவு ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'இகிரு'வை மீண்டும் பார்த்தேன். 1952-இல் வந்த படம். முதல் காட்சியே ஒரு வயிற்றின் எக்ஸ்ரே. இந்த மனிதருக்குப் புற்றுநோய், அவருக்கு இன்னும் தெரியாது என்று ஒரு குரல் சொல்லிவிடுகிறது. நீ கடைசிவரை பூட்டி வைக்கக்கூடிய செய்தியை அவர்கள் முதல் நிமிடத்திலேயே அவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள். அதனால் அந்த நகராட்சி அதிகாரி மேசையில் உட்கார்ந்து முத்திரை குத்துகிற அலுப்பான காட்சியைக்கூட நம்மால் அலுப்போடு பார்க்க முடிவதில்லை. இன்னொரு வித்தையும் இருக்கிறது. படத்தின் மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் கதாநாயகன் இறந்துவிடுகிறான். மீதிப் படம் அவன் வீட்டுத் துக்கத்தில் கூடியவர்களின் பேச்சு. சாக்கடைத் தேக்கத்தைத் தூர்த்துக் குழந்தைகளுக்குப் பூங்கா அமைத்தவன் அவன் என்பது நமக்குத் தெரியும். துணை மேயர் அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறார். உடன் வேலை பார்த்தவர்கள் குடித்துக்கொண்டே துண்டு துண்டாக உண்மையை ஒட்டவைக்கிறார்கள். முதலில் அவனைவிட நமக்கு அதிகம் தெரியும். பிறகு அவர்கள் எல்லோரையும்விட அதிகம் தெரியும். நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, என் காலைப்போல நீட்டுவதற்குக்கூட வழியில்லை.

'மறைப்பதே தவறா, "அந்த நாள்" என்ன ஆயிற்று?' என்று நீ கேட்பாய்; உன்னைத் தெரியாதா எனக்கு. 1954-இல் பாட்டே இல்லாமல் வந்த அந்தப் படத்தில், சுடப்பட்டவன் யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. சுட்டது யார் என்பதுதான் கேள்வி. ஒரு பூட்டிய அறை இருக்கிறது என்று இயக்குநர் எஸ். பாலசந்தர் நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் சாவியைத் தேட விடுகிறார். உன் கதையில் அப்படியோர் அறை இருப்பதே யாருக்கும் தெரியாது. மறைத்ததில் குற்றமில்லை, மறைத்திருக்கிறாய் என்பதையும் சேர்த்து மறைத்ததுதான் குற்றம்.

திரைக்கதை எழுதுவதற்குப் பக்கக் கணக்கு சொன்ன ஸிட் ஃபீல்டைப் பற்றியும் ஒரு சொல். உன் கதையில் 27-ஆம் பக்கத்தில் ஒரு திருப்பம், 88-இல் இன்னொன்று, மொத்தம் 120 பக்கம். அளவு நாடா வைத்துத் தைத்த சட்டை போல இருக்கிறது. சட்டை கச்சிதம்தான், உள்ளே ஆளைக் காணோம். அந்த மனிதரின் புத்தகத்தை நான் குறைசொல்லவில்லை. எங்கே தொய்கிறது என்று எழுதி முடித்தபின் அளந்து பார்க்க அது உதவும். என்ன எழுதுவது என்று அதனிடம் கேட்கக் கூடாது.

சரி, என் யோசனையைச் சொல்கிறேன். நான்காம் பக்கத்தில், மகன் விமான நிலையத்தில் இறங்குவதற்கு முன்பே, அப்பா பத்திர அலுவலகத்திலிருந்து நேராகத் தோப்புக்கு வரட்டும். இடது கைப் பெருவிரலில் மை. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. பக்கத்தில் நிற்கும் தென்னையின் தூரில் விரலைத் தேய்த்துத் துடைக்கட்டும். வசனம் வேண்டாம். அதன்பின் நீ எழுதியிருக்கும் ஜாதிக்காய்க் காட்சிகளில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. மகன் அந்தத் தென்னையில் சாய்ந்துகொண்டே சொட்டுநீர்க் குழாயைப் பற்றிப் பேசுவான். பார்ப்பவன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வான்.

பத்திர அலுவலகக் காட்சியில் மகன் கதறுவதையும் எடுத்துவிடு. சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'யில் ஹரிஹர் ஊர் திரும்பி, மகள் இறந்தது தெரியாமல், வாங்கி வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, கடைசியில் அவளுக்கென்று வாங்கிய சேலையை நீட்டுகிறான். அதைக் கடித்துக்கொண்டு தாய் உடைகிறாள். அவள் குரலை ரே நமக்குக் கேட்க விடவில்லை, தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம்தான் வீறிடுகிறது. செய்தியை முன்பே நம்மிடம் கொடுத்துவிட்டதால், அழுகையைத் தரவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

இன்னொன்று. எழுதலாமா என்று யோசித்தேன். என் அப்பாவுக்கு வந்த நோயின் பெயரை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியும். 'வயிற்றுப் புண்' என்ற பொய்யை ஆறு மாதம் காப்பாற்றினோம். கடைசிச் சித்திரையில் அவர் என்னை வரப்பில் நிற்க வைத்து, கைத்தடியால் இடம் காட்டி, ஒன்பது தென்னங்கன்று வைக்கச் சொன்னார். ஒன்பதாவது குழிக்கு மண் தள்ளிக்கொண்டிருந்தபோது, "காய்க்க அஞ்சு வருஷமாகும், தண்ணியை நிறுத்திராதே" என்றார். நாங்கள் மறைத்ததாக நினைத்தோம். அவர், எங்களுக்காக, தெரியாததாக நடித்துக்கொண்டிருந்தார். அந்த அரிசிக்கார அம்மாள் பேசியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது வரப்பில் கேட்ட அந்தக் குரல்தான். ஆகவே உன் மகன் பாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம்: அந்தப் பெருவிரல் மையை அவனும் முதல் நாளே பார்த்திருந்தால்? அவன் போடும் திட்டமெல்லாம் அப்பாவுக்காக நடத்தும் நாடகமாக இருந்தால்? நீதான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

உன் திரைக்கதைக் கட்டை, என் பென்சில் குறிகளுடன், நாளை கூரியரில் போடுகிறேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுவேன்; பந்தல் வேலைக்கு ஆள் வைக்காதே. 61-ஆம் பக்கத்து மழையை மட்டும் நீ எடுக்காவிட்டால் நானே அடித்துவிடுவேன். சித்திரை மாதத்தில் இந்த ஊரில் எங்கேயடா அப்படி மழை பெய்தது?

அன்புடன்,
மயில்சாமி