விமானிகள் சங்கத் தளக் கிளை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய கிளைத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இரவுப் பணி முடித்து நேராக இந்தப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் இந்த அறிக்கையில் பல பணிகளுக்கும் ஓரளவு சமமாக இடம் கொடுப்பது வழக்கம். இவ்வாண்டு கிளையின் நேரம் முழுவதையும், நிறுவனத்துடன் நம் பேச்சுவார்த்தைக் குழு எட்டி, உறுப்பினர்களின் வாக்குக்கு விடப்பட்ட உத்தேச ஊதிய ஒப்பந்தமே எடுத்துக்கொண்டதால், அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதாகவே அமைகிறது.

அண்மையில் சேர்ந்த உறுப்பினர்கள் பலருக்கு இது முதல் ஒப்புதல் வாக்கெடுப்பு. ஒப்பந்தம் இத்தனை காலம் இழுத்தது ஏன் என்று அவர்கள் கூட்டம்தோறும் கேட்டதால், காரணத்தை இங்கே பதிவு செய்கிறேன். அமெரிக்காவில் விமானிகளின் கூட்டுப் பேரம், ரயில் தொழிலாளர்களுக்காக 1926இல் இயற்றப்பட்டு 1936இல் விமானத் துறைக்கும் விரிவாக்கப்பட்ட சட்டத்தின் கீழ் நடக்கிறது. அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் ஒரு நாளில் காலாவதியாவதில்லை. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு அது திருத்தத்துக்கு உரியதாகிறது. புதியது கையெழுத்தாகும்வரை பழைய ஊதியமும் பழைய விதிகளும் அப்படியே தொடரும். பேச்சு முறிந்தாலும் தேசிய மத்தியஸ்த வாரியம் இரு தரப்பையும் மத்தியஸ்தத்திலிருந்து விடுவித்து, அதன்பின் 30 நாள் கழிந்தால்தான் வேலைநிறுத்தம் பற்றி நினைக்கவே முடியும். அப்போதும் குடியரசுத் தலைவர் அவசரகால விசாரணைக் குழுவை அமைத்து அதை மேலும் தள்ளிப்போட முடியும். ஆகவே தாமதத்தால் நிறுவனத்துக்கு இழப்பு குறைவு, பழைய விகிதத்தில் பறந்துகொண்டிருக்கும் நமக்குத்தான் இழப்பு அதிகம். இவ்வாண்டின் விவாதம் முழுவதற்கும் பின்னால் நின்றது இந்த ஏற்றத்தாழ்வுதான்.

உத்தேச ஒப்பந்தம் உறுப்பினர்களை வந்தடைந்த விதத்தில் ஒரு தவறு நேர்ந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. முழு வாசகம் தயாராகும் முன்பே சுருக்கக் குறிப்பையும் ஊதிய அட்டவணையையும் நம் கிளையின் வழியாக அனுப்பிவிட்டோம். உயர்வு விகிதம் அன்று மாலைக்குள் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. பணிவிதிகள் அடங்கிய பக்கங்களோ பல நாள் கழித்தே கைக்கு வந்தன. அந்த இடைவெளியில் பலர் தம் முடிவை எடுத்துவிட்டிருந்தனர். பின்னர் வாசகத்தைப் படித்து முடிவை மாற்றிக்கொண்டவர்கள், தங்களிடம் எதையோ மறைத்ததாக நினைத்தார்கள். மறைக்கும் எண்ணம் யாருக்கும் இருக்கவில்லை என்றாலும், அப்படி நினைக்க நாமே இடம் கொடுத்துவிட்டோம்.

விவாதத்தின் திசையை மாற்றியவர்கள் ரிசர்வ் பணியில் இருக்கும் இளைய துணை விமானிகள். பணிமூப்பில் கடைசி வரிசையில் இருப்பதால் அவர்களுக்கு நிலையான பணிப்பட்டியல் கிடையாது. அழைப்பு வரும்வரை காத்திருப்பதே அவர்கள் வேலை. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி ஓய்வு விதிகள் அவர்களுக்கு ஓரளவு பாதுகாப்புத் தருகின்றன. குறுகிய அழைப்புக்கு, அதாவது அழைத்த சிறிது நேரத்திலேயே பணிக்கு வர வேண்டிய அழைப்புக்கு, காத்திருக்கும் நேரம் ஒரு தடவைக்கு 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வும், அதற்குள் தடையின்றி 8 மணி நேரம் தூங்கும் வாய்ப்பும் இருக்க வேண்டும். இவை களைப்பைத் தடுக்கும் விதிகள். மாதத்தில் எத்தனை நாள் வீட்டில் இருக்கலாம், விடுப்பு நாளில் அழைத்தால் மறுக்கலாமா, கூடுதல் அவகாசம் தரும் நீண்ட அழைப்பு நாளைத் திடீரென்று குறுகிய அழைப்பு நாளாக மாற்றலாமா என்பதையெல்லாம் விதி சொல்லாது. ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் கூட்டத்தில் ஒரு துணை விமானி எழுந்து, அத்தகைய மாற்றத்துக்கு நிறுவனம் ‘இயன்றவரை’ முன்னறிவிப்புத் தரும் என்ற ஷரத்தை இரண்டு முறை வாசித்தார். இயலவில்லை என்று முடிவு செய்வது யார், அதை எதிர்த்து எங்கே முறையிடுவது என்று மட்டும் கேட்டுவிட்டு அமர்ந்தார். மேடையில் இருந்த எங்களிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு உறுப்பினர்கள் அட்டவணையை மூடிவைத்துவிட்டு வாசகத்தைப் படிக்கத் தொடங்கினார்கள்.

ஊதிய விகிதத்தையும் பணிவிதியையும் தனித்தனியே எடைபோட முடியாது என்பதை அடுத்து வந்த கூட்டங்கள் தெளிவாக்கின. வாயிலைவிட்டு விமானம் நகர்ந்தது முதல் இறங்கிய இடத்தில் நிறுத்தப்படும்வரை உள்ள நேரமே நமக்கு அடிப்படைக் கணக்கு. இரு பறப்புகளுக்கு இடையே விமான நிலையத்தில் கழியும் மணிகள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. அதனால்தான், ஒரு பயணம் எத்தனை நாள் நீடித்தாலும் அந்த நாள்களுக்கேற்பக் குறைந்தபட்ச மணிகளுக்கு ஊதியம் தர வேண்டும் என்ற ஷரத்து இத்தனை முக்கியமாகிறது. மூன்று நாளில் முடியக்கூடிய பறப்பு மணிகளை நான்கு நாளுக்குப் பரப்பிவிட்டால், மணிக்கு எவ்வளவு உயர்த்தினாலும் அதில் ஒரு பகுதி அந்த நான்காம் நாளில் கரைந்துவிடும். உத்தேச ஒப்பந்தத்தில் இந்தக் குறைந்தபட்ச மணிகள் பழைய அளவிலேயே விடப்பட்டிருந்தன. சுருக்கக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஏனெனில் மாறாத ஷரத்துகளை அதில் சேர்ப்பதில்லை.

மூத்த கேப்டன்களின் தரப்பை, அவர்கள் பணத்துக்கு ஆசைப்படுகிறார்கள் என்று சிலர் ஒரே வரியில் ஒதுக்கியது எனக்கு வருத்தம் தந்தது. ஓய்வு வயது 65 என்று 2007 இறுதியிலேயே சட்டமாகிவிட்டது. பிறந்தநாளைத் தள்ளிப்போட யாராலும் முடியாது. இன்னும் சில மாதங்களே பறக்கப்போகும் ஒருவருக்கு, கையெழுத்தானவுடன் கிடைக்கும் நிலுவைத் தொகையும் ஓய்வுக்கால நிதியில் சேரும் பங்கும் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமல் போகலாம். 2001 செப்டம்பருக்குப் பிந்தைய ஆட்குறைப்பை அனுபவித்தவர்கள் அவர்கள். 2002 டிசம்பரில் யுனைடெட் விமான நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியதையும், 2005இல் அதன் ஓய்வூதியத் திட்டங்கள் கூட்டாட்சி ஓய்வூதிய உத்தரவாதக் கழகத்திடம் போனதையும், அதே ஆண்டு செப்டம்பரில் டெல்டா, நார்த்வெஸ்ட் விமான நிறுவனங்கள் ஒரே நாளில் திவால் நீதிமன்றம் சென்றதையும் கண்முன்னே பார்த்தவர்கள். அடுத்த பேச்சு இதைவிட நல்லதைக் கொண்டுவரும் என்று அவர்களை நம்பச் சொல்வது எளிதல்ல.

நிராகரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இரு தரப்பும் மற்ற நிறுவனங்களின் வரலாற்றைக் காட்டின. டெல்டா விமானிகள் 2015 ஜூலையில் ஓர் உத்தேச ஒப்பந்தத்தை 65 சதவீத எதிர்ப்புடன் தள்ளினார்கள். லாபப் பங்கைக் குறைக்கும் ஷரத்தும் மருத்துவ விடுப்பைச் சரிபார்க்கும் ஷரத்தும் அதற்கு முக்கியக் காரணங்கள். திருத்திய ஒப்பந்தம் 2016 டிசம்பரில்தான் நிறைவேறியது. யுனைடெட் விமானிகள் 2022இல் 94 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். 2023 செப்டம்பரில் வேறோர் ஒப்பந்தத்தை 82 சதவீத ஆதரவுடன் ஏற்றார்கள். இரண்டிலும் பின்னர் கிடைத்தது மேலானது என்பது உண்மை. ஆனால் முதல் நிகழ்வில் ஏறத்தாழ 17 மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாவதில், பெருந்தொற்றுக்குப் பின் பயணிகள் திரும்பிய வேகத்தில் விமானிகளுக்குத் தட்டுப்பாடு இருந்தது, 2023 மார்ச்சில் டெல்டா ஒப்பந்தம் துறைக்கே புதிய அளவுகோலாகவும் அமைந்தது. சந்தை நமக்குச் சாதகமாக இருந்த காலத்தின் பலனை, நிராகரிப்பின் பலன் என்று மட்டும் எடுத்துக்கொள்வது சரியாகாது என்பதை நான் கூட்டத்திலும் சொன்னேன்.

துணை நிறுவனங்கள் இயக்கும் சிறிய விமானங்களின் இருக்கை வரம்பைப் பற்றிய ஷரத்து மாறவில்லை என்பதால் அதில் விவாதம் எழவில்லை.

விவாதத்தின் சூடு சில இடங்களில் எல்லை மீறியது. பல மாதம் குடும்பத்தைப் பிரிந்து பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்திருந்த நம் குழுவினரை விலைபோனவர்கள் என்று எழுதியதும், கேள்வி கேட்ட இளையவர்களை நன்றி கெட்டவர்கள் என்று சொன்னதும் ஒரே அளவுக்குத் தவறானவை. 10,000 அடிக்குக் கீழே பறப்புக்குத் தொடர்பில்லாத பேச்சு கூடாது என்பது 1981 முதல் உள்ள விதி. அதற்கு மேலேயும் ஒப்பந்தப் பேச்சைக் காக்பிட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிரெதிராக வாக்களிக்கப்போகும் இருவர் ஒரே விமானத்தை ஒரே மனத்துடன் இறக்க வேண்டியிருக்கிறது. உறுப்பினர்கள் அதற்கு ஒத்துழைத்ததற்குச் செயற்குழு நன்றி கூறுகிறது.

மொத்த வாக்கெடுப்பில் உத்தேச ஒப்பந்தம் ஏற்கப்படவில்லை. கிளைவாரி எண்ணிக்கை தனித்தாளாக உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டுள்ளது. நான் ஆதரித்து வாக்களித்தேன். பதவியில் இருப்பவர் அதை மறைக்கக் கூடாது என்பதால் இங்கே சொல்கிறேன். இவ்வாண்டு ஓய்வு பெறுவோரை நினைத்தே அப்படி வாக்களித்தேன். ஆயினும் ‘இயன்றவரை’ என்ற சொல் இருக்கும்வரை ரிசர்வ் விமானிகள் அதை ஏற்க மறுத்தது நியாயமே என்றும் கருதுகிறேன். இந்த முடிவின் விலையைக் கொடுப்பவர்கள், அடுத்த ஒப்பந்தம் வருமுன் பணியை நிறைவு செய்யும் மூத்தவர்கள். ஓய்வுபெற்றோருக்கும் நிலுவைத் தொகை சேர வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க முடியாத கோரிக்கையாக நம் கிளை மையக் குழுவுக்கு எழுத்தில் அனுப்பியுள்ளது.

வாக்கெடுப்புக்குப் பின் நடத்திய கருத்துக்கேட்பில் ரிசர்வ் விதிகளும் பயணத்துக்கான குறைந்தபட்ச மணிகளும் முதலிடத்தில் வந்தன. பேச்சுவார்த்தை மீண்டும் தொடங்கியிருக்கிறது. புதிய குழுவில் ரிசர்வ் பணியில் இருக்கும் ஒருவர் இடம்பெற வேண்டும் என்ற நம் கோரிக்கை ஏற்கப்பட்டிருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். களைப்பு அறிக்கைகளைப் பரிசீலிக்கும் குழு ஆண்டு முழுவதும் தடையின்றி இயங்கியது.

இறுதியாக, செயற்குழு இந்தப் பொதுக்குழுவின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறது. இனி எந்த உத்தேச ஒப்பந்தமானாலும், முழு வாசகம் உறுப்பினர்களின் கையில் சேர்வதற்கு முன் சுருக்கத்தையோ ஊதிய அட்டவணையையோ கிளை அனுப்பாது. மாறாமல் விடப்பட்ட முக்கிய ஷரத்துகளின் பட்டியலும் சுருக்கத்துடன் இணைக்கப்படும். இதை முன்மொழிகிறேன், வழிமொழிய உறுப்பினர்களை வேண்டுகிறேன்.

பணிவுடன்,
கிளைச் செயலாளர்