எந்த ஊர் வாட் இது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஹோம் தியேட்டர் வாங்குவது பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் 'ஹாலுக்குத் தகுந்தபடி 500 வாட், 1,000 வாட் என்று பார்த்து வாங்குங்கள்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பாலக்கோட்டில் முப்பத்தைந்து வருடமாக ரேடியோ, டேப்ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபயர் என்று பிரித்து மாட்டிக்கொண்டிருப்பவன் நான். எத்தனை ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை), எத்தனை சேனல் (தனித்தனியாக ஸ்பீக்கரை ஓட்டும் வழி), எவ்வளவு டிஸ்டார்ஷன் (ஒலி அலை சிதைவது) என்று சொல்லாமல் வாட்டை மட்டும் சொல்வது, எந்த ஊர்ப் படி என்று சொல்லாமல் பத்துப் படி கேழ்வரகு என்பது மாதிரி.

இது பழைய வியாதி. தொண்ணூறுகளில் டூ-இன்-ஒன் செட்டின் முகத்தில் 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்' (நொடிப்பொழுது உச்சம் என்று சொல்லிக்கொள்ளும் கணக்கு) என்று தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டி வரும். திறந்து பார்த்தால் ஆறு பெரிய பேட்டரிக்கு இடம், உள்ளங்கையில் அடங்குகிற டிரான்ஸ்பார்மர், ஒற்றை ஐ.சி. சேனலுக்கு ஐந்து வாட் வந்தாலே அதிசயம். பி.எம்.பி.ஓ.வை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட முறையே கிடையாது. அவரவர் இஷ்டம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஓசூரில் வேலை பார்க்கும் என் தங்கச்சி மகன் ஒரு 7.2 ஏ.வி. ரிசீவர், அதாவது ஏழு ஸ்பீக்கரை ஓட்டுகிற ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர், வாங்கினான். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 'சேனலுக்கு 165 வாட்'. கையேட்டின் கடைசியில் பொடி எழுத்தில் அதன் விவரம்: 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரு சேனல் மட்டும். பக்கத்திலேயே இன்னொரு வரி: 8 ஓம், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதம், இரண்டு சேனல், 80 வாட். ஒரே செட்டுதான். 10 சதவீத டிஸ்டார்ஷன் என்றால் அலையின் தலை, சீவிய இளநீர் மாதிரி தட்டையாகிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலைமையில் யாரும் பாட்டு கேட்க மாட்டார்கள்.

"மாமா, நீங்களே அளந்து சொல்லுங்க" என்று செட்டைக் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டான்.

ஸ்பீக்கரை மாட்டி அளந்தால் காதும் போகும், ஸ்பீக்கரும் போகும். ஸ்பீக்கரின் ஓம் ஒவ்வொரு சுருதிக்கும் மாறவும் செய்யும். அதனால் டம்மி லோடு, அதாவது ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டர், வேண்டும். அவ்வளவு பெரிய ரெசிஸ்டருக்கு எங்கே போவது? வாளியில் போட்டு வெந்நீர் வைக்கிற ஹீட்டர் ராடைப் பிடித்தேன். 1,500 வாட் ராடு ஒன்று 35 ஓம் சொச்சம். நாலை இணையாகச் சேர்த்தால் 8.8 வர வேண்டும், மீட்டரில் 8.7 வந்தது. என்னிடம் நாலு இருந்தது. எதிர்த்த எலக்ட்ரிகல் கடையில் நாலு கடன் வாங்கி, இரண்டு அண்டாவில் தண்ணீர் ஊற்றி, ஒரு சேனலுக்கு ஓர் அண்டா என்று வைத்தேன். (இதைப் படித்துவிட்டு யாரும் அந்த நாலையும் சேர்த்துக் கரண்ட் பிளக்கில் சொருகிவிட வேண்டாம். 6,000 வாட் இழுக்கும்.) முந்நூறு ரூபாய் மீட்டர் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸுக்குச் சரி, 1,000 ஹெர்ட்ஸில் சிலது வாய்க்கு வந்ததைச் சொல்லும். அதனால் அலை எப்படி இருந்தாலும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டரும், பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எப்போதோ வாங்கிய, அலையைத் திரையில் காட்டும் பழைய ஸ்கோப்பும்.

ஸ்கோப்பில் அலையின் தலை மழுங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினேன். 28 வோல்ட். அதை அதாலேயே பெருக்கி 8.7-ஆல் வகுத்தால் 90 வாட். இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது 26.6 வோல்ட், ஆளுக்கு 81. பொடி எழுத்து உண்மை பேசுகிறது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஏழு சேனலையும் ஒன்றாக ஓட்டிப் பார்க்க 28 ராடு வேண்டும், அதற்கு எனக்கு வழி இல்லை. ஆனால் ஏழுக்கும் சேர்த்து உள்ளே ஒரே டிரான்ஸ்பார்மர்தான். இரண்டுக்கே 90 என்பது 81-ஆக இறங்கினால், ஏழுக்கும் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் தொழிலில் செட்டைத் தூக்கிப் பார்த்தே பாதி சொல்லிவிடுவோம்.

அப்புறம் எந்தப் பெட்டியிலும் போடாத ஒரு கணக்கு. தோட்டத்து மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் எங்கள் பக்கம் கரண்ட் 190 வோல்ட்டுக்கு இறங்குவது புதிதில்லை. இந்த மாதிரி டிரான்ஸ்பார்மர் வைத்த செட்டில், வெளியே குறைந்தால் உள்ளேயும் அதே அளவில் குறையும். வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் 190 வைத்து ஒரு சேனலை மறுபடி அளந்தேன். 28 இருந்த இடத்தில் 23 வோல்ட். வாட் 90-லிருந்து 61. மூன்றில் ஒரு பங்கு தோட்டத்துக்குப் போய்விட்டது!

இதனால் சத்தம் போய்விடுமா என்றால், இல்லை. 165-க்கும் 80-க்கும் காதில் வித்தியாசம் 3 டெசிபல்தான். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபல் தரும் ஸ்பீக்கர் வாங்கினால் அதே லாபம். உங்கள் கட்டுரையில் ஸ்பீக்கரின் இந்த எண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. செட்டை அவன் வீட்டில் மாட்டிய அன்று, 12-க்கு 14 அடி ஹாலில், முன் ஸ்பீக்கரோடு மீட்டரைச் சேர்த்துவிட்டு ஒரு சண்டைக் காட்சியை ஓடவிட்டோம். முள் 3 வோல்ட்டைச் சுற்றியே ஆடியது. 8 ஓம் ஸ்பீக்கரில் அது ஒரு வாட் சொச்சம். வெடி விழும்போது மட்டும் ஒரு துள்ளல், அதை மீட்டர் பிடிக்காது, ஸ்கோப்பில்தான் தெரியும். அந்தத் துள்ளலுக்குத்தான் மிச்ச வாட்டெல்லாம். அதற்குள் தங்கச்சி அடுக்களையிலிருந்து, "அண்ணா, சத்தத்தைக் கொறைங்க, பாப்பா தூங்குது" என்றாள்.

அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபயர் விளம்பரத்தில் வாட்டை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று 1974-லேயே விதி போட்டு, 2024-ல் அதைத் திருத்தியும் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. உங்கள் பத்திரிகைக்கு விளம்பரம் தரும் கடைகளிடம் 'எத்தனை ஓமில், எத்தனை சேனல் ஓட, எத்தனை சதவீதத்தில்' என்று கேட்டு, வாட்டுக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்கள். வரும் ஞாயிறு அந்த வரிக்கு ஒரு திருத்தமும் போடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் நிருபரைப் பாலக்கோட்டுக்கு அனுப்பலாம், அளந்து காட்டுகிறேன். கடன் வாங்கிய நாலு ராடைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அதனால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ மெக்கானிக்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.